எந்தச் சொல்லுக்கு மோர் ஊற்றலாம்?

காரைக்குடியில் எங்கள் வீட்டு முகப்புத் திண்ணைக்கு ஞாயிறு சாயங்காலம் ஆங்கிலச் சந்தேகம் கேட்க நாலு பேர் வருவார்கள். காலமெல்லாம் டீச்சராக இருந்தவளுக்கு ஓய்வுக்குப் பிறகு வேறு என்ன வேலை? போன வாரம் வந்த கேள்வி எல்லாமே ஒன்றோடு ஒன்றை ஒப்பிடும் சொற்களைப் பற்றித்தான். எழுதி வைத்தால் மற்றவர்களுக்கும் ஆகும் என்றார்கள்.

தேவகோட்டை கல்லூரி மாணவி: 'மோர் பெட்டர்' ஏன் தப்பு, டீச்சர்? இன்னும் நல்லது என்று சொல்ல வேண்டாமா?

தமிழில் 'பெரிய' என்ற சொல் எங்கே போனாலும் அப்படியே இருக்கும். பெரிய வீடு, அதைவிடப் பெரிய வீடு, இருப்பதிலேயே பெரிய வீடு. வேலையை எல்லாம் 'விட'வும் 'லேயே'யும் பார்த்துக்கொள்ளும். ஆங்கிலத்தில் சொல்லுக்கே வால் முளைக்கும்: பிக், பிக்கர், பிக்கஸ்ட். அந்த வால் நமக்குப் பழக்கமில்லை. அதனால் 'பெட்டர்' என்பதும் காதில் வெறும் 'நல்ல' மாதிரி விழுகிறது, மேலே ஒரு மோரை ஊற்றிவிடுகிறோம். பெட்டருக்குள்ளேயே மோர் இருக்கிறதம்மா. இன்னும் அழுத்திச் சொல்ல 'மச் பெட்டர்', 'ஈவன் பெட்டர்' உண்டு. 'வெரி பெட்டர்' கிடையாது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானே கரும்பலகையில் 'மோர் சீப்பர்' என்று எழுதி, முன் பெஞ்சுப் பையன் எழுந்து திருத்தியிருக்கிறான். அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

பள்ளத்தூர் அம்மா ஒருவர்: பையன் நாலாவது படிக்கிறான். எதற்கு 'அர்', எதற்கு 'மோர்' என்று எப்படிச் சொல்லிக் கொடுப்பது?

கைதட்டி அசையை எண்ணச் சொல்லுங்கள். ஒரே தட்டு என்றால் வால்: ஸ்மால், ஸ்மாலர், ஸ்மாலஸ்ட். (டால் என்ற சொல்லுக்கு வால் ஒட்டித் தமிழில் எழுதினால் 'டாலர்' ஆகிவிடும். பையன் சிரிப்பான், அப்புறம் மறக்கமாட்டான்.) மூன்று தட்டும் அதற்கு மேலும் மோர், மோஸ்ட்: மோர் பியூட்டிஃபுல், மோஸ்ட் எக்ஸ்பென்சிவ்.

வம்பு இரண்டு தட்டில்தான். ஒய்-யில் முடிந்தால் அந்த ஒய் ஐ-யாக மாறி வால் வரும்: ஹேப்பியர், ஹெவியர். 'ஃபுல்', 'லெஸ்', 'இங்' என்று முடிபவை மோர் கேட்கும்: மோர் கேர்ஃபுல், மோர் போரிங். கிளெவர், சிம்பிள், க்வையட் மாதிரி சில சொற்கள் இரண்டுக்கும் இடம் கொடுக்கும், அதற்கு மார்க் குறைத்தால் வாத்தியாரிடம் போய்க் கேளுங்கள். எழுத்தில் ஒன்று கவனிக்கணும்: பிக், ஹாட், தின் மூன்றிலும் கடைசி எழுத்து இரட்டிக்கும்; கோல்ட் என்பதில் இரட்டிக்காது. குட், பேட், ஃபார் மூன்றும் எந்த விதிக்கும் அடங்காது, மனப்பாடம்தான்.

கானாடுகாத்தானில் வீடு சுற்றிக் காட்டும் தம்பி: 'ஒன் ஆஃப் தி ஓல்டஸ்ட் ஹவுஸ்' என்றேன். ஒரு வெளிநாட்டு அம்மா லேசாகச் சிரித்தார்.

ஹவுஸஸ் என்று சொல்லியிருக்கணும் தம்பி. நீயே தமிழில் 'பழைய வீடுகளில் ஒன்று' என்றுதானே சொல்வாய்? அந்த 'கள்' ஆங்கிலத்திலும் வேண்டும். ஊரைச் சொன்னால் 'இன்', கூட்டத்தைச் சொன்னால் 'ஆஃப்': தி ஓல்டஸ்ட் இன் தி வில்லேஜ், தி ஓல்டஸ்ட் ஆஃப் ஆல் தி ஹவுஸஸ். ஆனால் நீ 'ஒன் ஆஃப் தி'யை விட்டுவிடாதே. நம் பக்கத்தில் எந்த வளவு வீட்டாரைக் (பங்காளிகளின் பூர்வீக வீட்டுக்காரர்களை) கேட்டாலும் தங்களுடையதுதான் பெரிது என்பார்கள், அந்தச் சண்டைக்குள் நீ போக வேண்டாம்.

போட்டித் தேர்வுக்குப் படிக்கும் தம்பி: ஒரே வாக்கியத்தை மூன்று விதமாக மாற்றச் சொல்கிறார்கள்.

நம் ஊரையே எடுத்துக்கொள். 'காரைக்குடி இஸ் தி பிக்கஸ்ட் டவுன் இன் தி டிஸ்ட்ரிக்ட்.' அடுத்தது, 'காரைக்குடி இஸ் பிக்கர் தேன் எனி அதர் டவுன் இன் தி டிஸ்ட்ரிக்ட்.' மூன்றாவது, 'நோ அதர் டவுன் இன் தி டிஸ்ட்ரிக்ட் இஸ் ஆஸ் பிக் ஆஸ் காரைக்குடி.' 2024-இல் மாநகராட்சி ஆன ஊரை டவுன் என்பதா என்று கோபப்படாதீர்கள், பாடத்துக்காகச் சொல்கிறேன். மார்க் போவது 'அதர்' என்ற சொல்லில்தான். அதை விட்டால் காரைக்குடி காரைக்குடியைவிடப் பெரியது என்று ஆகிவிடும்.

அவரே: 'ஷி இஸ் எல்டர் தேன் மீ' சரியா?

இல்லை, 'ஓல்டர் தேன் மீ'. எல்டர் குடும்பத்துச் சொல், பெயருக்கு முன்னால் நிற்கும்: மை எல்டர் சிஸ்டர், நம் ஊர்க் கணக்கில் ஆச்சி. பக்கத்தில் 'தேன்' சேராது. சீனியர், ஜூனியர், சுப்பீரியர் மூன்றும் லத்தீனிலிருந்து வந்தவை. கடைசியில் இருக்கும் 'இயர்' என்பதே அந்த மொழியின் ஒப்பீட்டு வால். அவற்றுக்கும் தேன் ஆகாது, 'டு'தான்: சீனியர் டு மீ.

ஆத்தங்குடியில் தரைக்கல் (டைல்ஸ்) போடும் ஒருவர்: 'நடக்க நடக்கப் பளபளப்பு கூடும்' என்று ஆங்கிலத்தில் பலகை எழுதணும்.

உங்கள் கல்லைப் பற்றிச் சொல்லவா வேண்டும்! சூளையில் வைப்பதில்லை, கண்ணாடித் தகட்டின் மேல் வர்ணத்தை ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் போட்டுக் கவிழ்த்து எடுக்கிறீர்கள். கண்ணாடி கொடுத்த வழுவழுப்பு காலடி பட்டுப்பட்டு ஏறும். 'நடக்க நடக்க' என்ற அடுக்கு ஆங்கிலத்தில் இல்லை. அவர்கள் 'எவ்வளவு, அவ்வளவு' என்று இரண்டு 'தி' போட்டுச் சொல்வார்கள்: 'தி மோர் யூ வாக் ஆன் இட், தி ஷைனியர் இட் கெட்ஸ்.' தமிழில் இரண்டே சொல்லில் முடிந்தது அங்கே இரண்டு துண்டு வாக்கியமாக நீளும். பலகையைக் கொஞ்சம் அகலமாகவே அறுத்து வையுங்கள்.

உடனே தேவகோட்டைப் பெண் எழுந்துவிட்டாள்: "டீச்சர், இதிலே மோரும் ஷைனியரும் சேர்ந்து வந்திருக்கே!"

சரியாகத்தான் பார்த்திருக்கிறாய். அந்த மோர் நடக்கிறதுக்கு ஊற்றியதம்மா, ஷைனியருக்கு இல்லை.