சிறுநீரகம் நன்றாக இருக்கும்போது இதயப் பரிசோதனைக்குச் செலவு எதற்கு?

கேள்வி: சேலம் சிவதாபுரத்தில் வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வேலை செய்கிறேன். என் 9 வயது மகளுக்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் சென்னையில் சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. என் மனைவிதான் சிறுநீரகம் கொடுத்தார். இப்போது கிரியேட்டினின் சரியாக இருக்கிறது. ஆனாலும் ஆண்டுதோறும் எக்கோ (இதய ஸ்கேன்), 24 மணி நேர ரத்த அழுத்தப் பதிவு, கொழுப்புப் பரிசோதனை எல்லாம் எடுக்கச் சொல்கிறார்கள். பயணச் செலவோடு ஆண்டுக்கு ரூ.20,000 வரை ஆகிறது. கையில் ரூ.4 லட்சம் சேமிப்பு உள்ளது. பரிசோதனைகளைக் குறைத்துக்கொண்டு, இந்தப் பணத்தை மகளின் செல்வமகள் கணக்கிலும் வெள்ளியிலும் போடலாமா?

பதில்: அந்த ரூ.20,000-ஐ மட்டும் குறைக்காதீர்கள். மற்ற முடிவுகளை எல்லாம் அதை ஒதுக்கி வைத்த பிறகு எடுக்கலாம்.

சிறுநீரகம் செயலிழந்திருந்த காலத்திலேயே உங்கள் மகளின் இதயம் பெரும் சுமையைத் தாங்கியிருக்கும். உடலில் தங்கிய நீரும் உப்பும் ரத்த அழுத்தத்தை உயர்த்த, அதை எதிர்த்து உழைத்து உழைத்து இதயத்தின் இடது கீழறைச் சுவர் தடித்துப்போவதும், கால்சியம், பாஸ்பரஸ் அளவுகள் குலைந்து ரத்தக் குழாய்கள் விறைத்துப்போவதும் இத்தகைய குழந்தைகளிடம் அடிக்கடி காணப்படுபவை. மாற்றுச் சிறுநீரகம் பொருத்திய பின் இந்த நிலை பெருமளவு சீராகும் என்றாலும், அந்தச் சிறுநீரகத்தைக் காக்கக் கொடுக்கும் மருந்துகளே வேறொரு சுமையைக் கொண்டுவருகின்றன. டாக்ரோலிமஸ் ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் உயர்த்தக்கூடியது. பிரட்னிசோலோன் உடல் எடையையும் கொழுப்பையும் கூட்டக்கூடியது. கிரியேட்டினின் அளவு சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும். இதயத்தின் நிலையை அதிலிருந்து அறிய முடியாது.

24 மணி நேரப் பதிவு வீண் செலவு என்று பல பெற்றோர் நினைக்கிறார்கள். மருத்துவமனையில் பார்க்கும்போது இயல்பாக இருக்கும் அழுத்தம், வீட்டிலும், குறிப்பாக இரவு உறக்கத்திலும் உயர்ந்திருப்பது இக்குழந்தைகளிடம் அரிதன்று. அதைக் கண்டுபிடிக்கவே அந்தக் கருவியை ஒரு பகலும் ஓர் இரவும் கையில் கட்டி அனுப்புகிறார்கள். பெரியவர்களுக்குச் சொல்லும் 120/80 என்ற அளவையும் இங்கே கொண்டுவரக் கூடாது. குழந்தைகளுக்கு வயது, உயரம், ஆணா பெண்ணா என்பதைப் பார்த்தே அளவு வகுக்கப்படுகிறது; 9 வயதுப் பெண் குழந்தைக்கு 120 என்பதே உயர் அழுத்தமாக இருக்கக்கூடும். கவனிக்காமல் விட்ட அழுத்தம் இதயத்தோடு நிற்காமல், உங்கள் மனைவி கொடுத்த சிறுநீரகத்தின் ஆயுளையும் குறைக்கும். அழுத்தத்தைக் குறைக்கும் அம்லோடிபின் போன்ற மாத்திரைகள் மக்கள் மருந்தகங்களில் மிக மலிவாகக் கிடைக்கின்றன. ஆனால் குழந்தை மீண்டும் டயாலிசிஸுக்குப் போக நேர்ந்தால், பரிசோதனையில் மிச்சம் பிடித்த பணம் சில மாதங்களுக்குக்கூடத் தாங்காது.

செலவைக் குறைக்க வேறு வழிகள் உண்டு. எக்கோவையும் ரத்தப் பரிசோதனைகளையும் சேலம் அரசு மருத்துவமனையிலேயே எடுத்து அறிக்கையைக் கொண்டுவரலாமா என்று சென்னை மருத்துவரிடம் கேளுங்கள். அங்கேயே எடுக்க வேண்டியவற்றை வழக்கமான மறுபரிசோதனை நாளோடு சேர்த்துவிட்டால், ஏற்காடு எக்ஸ்பிரஸில் ஒரு பயணம் மிச்சமாகும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை காப்பளிக்கிறது. உங்கள் அட்டை நடப்பில் இருக்கிறதா என்றும், தொடர் சிகிச்சையில் எவை அதில் அடங்கும் என்றும் மருத்துவமனையின் காப்பீட்டுத் திட்டப் பிரிவில் கேட்டறியுங்கள். ஆனால் விலை குறைவு என்பதற்காக டாக்ரோலிமஸின் கம்பெனியை நீங்களாக மாற்றிவிடாதீர்கள். அப்படி மாற்றினால் ரத்தத்தில் மருந்தின் அளவும் மாறக்கூடும் என்பதால், மருத்துவரின் சம்மதத்தோடு, ரத்தத்தில் அளவு பார்த்துத்தான் அதைச் செய்ய வேண்டும். மாலையில் வாங்கித் தரும் தட்டுவடை செட்டையும் ஊறுகாயையும் குறைப்பது, உப்பைக் கணக்கில் கொண்டால், காசில்லாத மருத்துவம்.

இனி ரூ.4 லட்சம். இதில் ரூ.1.5 லட்சத்தை மகளின் சிகிச்சைக்கு என்றே ஒதுக்கி, ஒரே வைப்பாகப் போடாமல் தலா ரூ.25,000 வீதம் ஆறு வைப்புகளாக வங்கியில் போடுங்கள். அவசரத்துக்கு ஒன்றை உடைத்தால் மற்றவற்றின் வட்டி கெடாது. குழந்தையின் கைக்குப் பொருந்தும் பட்டையுடன் ரத்த அழுத்தக் கருவி ஒன்றையும் வாங்கிவிடுங்கள்.

செல்வமகள் கணக்கை மூட வேண்டாம். ஆண்டுக்குக் குறைந்தபட்சத் தொகையான ரூ.250-ஐக் கட்டி உயிரோடு வைத்திருந்தால் போதும். நல்ல திட்டம்தான். ஆனால் மகளுக்கு 18 வயதாகும் வரை, அல்லது அவள் பத்தாம் வகுப்பு முடிக்கும் வரை, அதிலிருந்து கல்விக்குக்கூடப் பணம் எடுக்க முடியாது. உயிருக்கு ஆபத்தான நோய்க்காக, ஐந்து ஆண்டுகள் கடந்த கணக்கை முன்கூட்டியே முடிக்க விதி இடமளிக்கிறது என்றாலும், மருத்துவமனை வாசலில் நின்றுகொண்டு அதற்கு விண்ணப்பம் எழுதும் நிலையில் உங்களை வைத்துப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

வெள்ளி வேண்டாம் என்பேன். விலை தாறுமாறாக ஏறினால் ஆர்டர் குறைந்து உங்கள் கூலி குறைகிறது. இறங்கினால் சேமிப்பு கரைகிறது. பிழைப்பும் சேமிப்பும் ஒரே உலோகத்தை நம்பி இருக்கக் கூடாது. மாற்றுச் சிறுநீரகம் ஒரு குழந்தையின் வாழ்நாள் முழுவதற்கும் வருவது அரிது. பல ஆண்டுகள் கழித்து இன்னொரு மாற்று தேவைப்படலாம். அதை மனத்தில் வைத்து ரூ.1.5 லட்சத்தை உங்கள் பெயரில் பொது வருங்கால வைப்பு நிதியில் போடுங்கள். மீதி ரூ.1 லட்சம் வேலை இல்லாத மாதங்களுக்கான கையிருப்பாக இருக்கட்டும். உங்களுக்கு ஒரு டேர்ம் காப்பீடு (குறித்த காலத்துக்குள் இறந்தால் குடும்பத்துக்குப் பணம் தரும் ஆயுள் காப்பீடு) எடுக்கும் பிரீமியத்தையும் அதிலிருந்தே கட்டலாம். வீட்டில் சம்பாதிப்பவர் நீங்கள் ஒருவர்தான் என்றால் இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

உங்கள் கடிதத்தில் மனைவியின் பரிசோதனை பற்றி ஒரு வரியும் இல்லை. ஒரு சிறுநீரகத்தோடு வாழும் அவருக்கும் ஆண்டுக்கு ஒருமுறை ரத்த அழுத்தம், கிரியேட்டினின், சிறுநீரில் புரதம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். ஆண்டுச் செலவுக் கணக்கில் அதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.