ஏகாதசியன்று வியர்த்தது வெயிலால் இல்லை

கேள்வி: வயது 61, கும்பகோணம். 11 வருடமாகச் சர்க்கரை. காலையில் கிளிமிபிரைடு, இருவேளை மெட்ஃபார்மின். சுத்த சைவம். மே மாதம் 10 நாள் ஐரோப்பா டூர். ரொட்டி, சீஸ், உருளைக்கிழங்குதானாம், சர்க்கரை ஏறாதா? மாத்திரை ஒன்று கூடப் போடச் சொல்லி வாட்ஸ்அப்பில் வந்தது. மலச்சிக்கல் பயமும் உண்டு. போன ஏகாதசியன்று உப்பிலியப்பன் கோயில் வரிசையில் கை நடுங்கி வியர்த்துக் கொட்டியது, வெயில்தான். வெளிநாட்டில் மயங்கி விழுந்தால்?

பதில்: வெயில் இல்லை அம்மா. மாத்திரையைப் போட்டுக்கொண்டு பட்டினி கிடந்திருக்கிறீர்கள். கிளிமிபிரைடு கணையத்திலிருந்து இன்சுலினைச் சுரக்க வைப்பது. நீங்கள் விரதமா என்று அதற்குத் தெரியாது. சர்க்கரை இறங்கியிருக்கிறது.

டூரிலும் இதுதான் நடக்கும். ஏழு மணிக்கு இரண்டு துண்டு ரொட்டி, பிறகு பஸ், இறங்கினால் கல் பாவிய தெருவில் இரண்டு மணி நேர நடை. ஒன்றரைக்கு வரவேண்டிய சாப்பாடு மூன்றுக்கு வரும். காலையில் போட்ட மாத்திரையோ நாள் முழுக்க வேலை செய்யும். இதில் இன்னொன்று கூடப் போடுவதா? அந்த வாட்ஸ்அப் தகவலை முதலில் அழியுங்கள். பத்து நாள் சர்க்கரை 220 இருந்தால் ஊருக்கு வந்து சரிசெய்யலாம். 50க்கு இறங்கினால் அங்கேயே விழுவீர்கள்.

தட்டு கண்ணெதிரே வந்த பிறகே கிளிமிபிரைடு. சாப்பாடு இல்லையா, அதுவும் இல்லை. கைப்பையில் பொட்டுக்கடலை, பிஸ்கட், குளுக்கோஸ் பவுடர். வியர்வை, நடுக்கம், திடீர்ப் பசி வந்தால் உடனே 15 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கலக்கிக் குடியுங்கள். 15 நிமிடத்தில் சோதியுங்கள். 70க்குக் கீழே என்றால் மறுபடியும். ஏறியதும் ஏதாவது சாப்பிட்டே ஆகவேண்டும், இந்த மாத்திரையில் சர்க்கரை திரும்பவும் இறங்கும். சுவிட்சர்லாந்தில் சாக்லேட்டுக்கா பஞ்சம் என்பீர்கள். அதிலுள்ள கொழுப்பு சர்க்கரையை மெதுவாகத்தான் ரத்தத்தில் ஏற்றும், அவசரத்துக்கு ஆகாது.

மற்றவை சில்லறை. உப்பே சேராத உப்பிலியப்பன் பிரசாதம் சாப்பிட்டவருக்கு அவித்த உருளைக்கிழங்கு ஒன்றும் புதிதில்லை. பருப்புப் பொடி கொண்டுபோங்கள். நெய், திரட்டுப்பால் வேண்டாம். பால் பொருள்களை ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோகத் தடை உண்டு. பார்மசான் சீஸில் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த நொதி சேரும், அதைத் தவிருங்கள். மலச்சிக்கலுக்குத் தண்ணீரும் பழமும் போதும்.

கிளம்பும் முன் உங்கள் டாக்டரிடம் ஏகாதசிக் கதையை அப்படியே சொல்லுங்கள். கிரியேட்டினின் பாருங்கள், சிறுநீரகம் தளர்ந்திருந்தால் மருந்து உடலில் தங்கும், அளவைக் குறைக்க வேண்டிவரும். ரத்த அழுத்தத்துக்குப் பீட்டா பிளாக்கர் சாப்பிடுகிறீர்களா? அப்படியானால் படபடப்பும் நடுக்கமும் தெரியாமல் போகலாம், வியர்வை மட்டுமே காட்டிக்கொடுக்கும். அறையில் உடன் தங்குபவரிடமும் சொல்லிவையுங்கள்: நினைவு தப்பினால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, அங்கே அவசர உதவி எண்ணான 112க்கு அழைக்க வேண்டும். அடுத்த ஏகாதசிக்கு மாத்திரையை என்ன செய்வது என்பதையும் அதே டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.