நாரைக்கு நடந்த வளைகாப்பு: வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: சுற்றுச்சூழல் நாளையொட்டி எங்கள் பள்ளியில் ஆண்டுதோறும் ஓவியப் போட்டியும் நாடகமும் நடத்துகிறோம். பூமி அழுவதாகவும் மரம் பேசுவதாகவும் பிள்ளைகள் அழகாக வரைகிறார்கள், நடிக்கிறார்கள். அடுத்த வாரமே எல்லாம் பழையபடி ஆகிவிடுகிறது. கலையால் சூழலைக் கற்பிக்க முடியும் என்பது வெறும் நம்பிக்கைதானா?
- பள்ளி ஆசிரியை, மன்னார்குடி

பதில்: அசாமின் காமரூப் மாவட்டத்தில் தாதரா, பசரியா, சிங்கிமாரி ஆகிய சிற்றூர்களில் நடந்ததைப் பார்த்தால் அப்படிச் சொல்ல மனம் வராது. ஏறக்குறைய ஐந்தடி உயரமுள்ள ஹர்கிலா என்னும் பெரிய நாரை அங்கே வீட்டுத் தோட்டங்களின் உயர்ந்த மரங்களில் கூடு கட்டுகிறது. செத்த விலங்குகளையும் தின்னும் பறவை என்பதால் அதன் எச்சமும் அழுகிய இறைச்சித் துண்டுகளும் முற்றத்தில் விழும். அபசகுனம் என்று வெறுத்த மக்கள் கூடுள்ள மரங்களையே வெட்டினார்கள். 2007இல் அப்படி வெட்டப்பட்ட ஒரு மரத்திலிருந்து விழுந்த குஞ்சுகளைக் கண்ட உயிரியலாளர் பூர்ணிமா தேவி பர்மன், தம் முனைவர் பட்ட ஆய்வைத் தள்ளிவைத்துவிட்டு அந்த ஊர்ப் பெண்களை நாடிச் சென்றார்.

கருவுற்ற பெண்ணுக்கு அங்கே செய்யும் பஞ்சாமிருதச் சடங்கு நம் வளைகாப்பைப் போன்றது. அதை, நாரைகள் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும் பருவத்தில், பெண்கள் கூடிப் பாட்டோடு நாரைக்கே நடத்தினார்கள். அவர்களுக்குத் தறியும் நூலும் கிடைக்க ஏற்பாடு செய்யப்பட்டது; மேகலா சாதர் என்னும் அசாமியப் பெண்களின் மரபுவழி உடையிலும் சேலையிலும் நாரையின் உருவத்தை நெய்து விற்றார்கள்; அதில் வருமானமும் வந்தது. 2010இல் அந்த ஊர்களில் 28ஆக இருந்த கூடுகள் பின்னர் 250ஐத் தாண்டின. ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு 2022இல் பூர்ணிமாவுக்குத் தன் உயரிய விருதை வழங்கியது.

இது பலித்ததற்குக் காரணம், மரத்தை வெட்டுவதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் வீட்டாரே பாடினார்கள், நெய்தார்கள் என்பதே என்று கருதுகிறேன். உங்கள் மாணவர்கள் வரையும் 'பூமி'யைக் காக்கவோ வெட்டவோ எந்தப் பிள்ளையாலும் முடியாது. ஆகவே அந்த ஓவியம் சுவரோடு நின்றுவிடுகிறது. உங்கள் ஊரிலேயே ஹரித்ரா நதி என்னும் பெரிய தெப்பக்குளம் இருக்கிறது. நீர் எந்த வழியாக அதற்கு வருகிறது, எந்த மாதத்தில் எந்தப் பறவை அங்கே இறங்குகிறது, கரையில் யார் என்ன செய்கிறார்கள் என்பதைப் பிள்ளைகள் ஒரு பருவம் முழுவதும் பார்த்து எழுதட்டும். அதன் பிறகு வரையட்டும், வில்லுப்பாட்டு கட்டட்டும். அதைப் பள்ளி மேடையில் அல்லாமல் குளக்கரையில், கரையில் குடியிருப்போரும் கோயில், நகராட்சிப் பொறுப்பாளர்களும் பார்க்கும்படி நிகழ்த்துங்கள். போட்டியும் பரிசும் இல்லாவிட்டால் இன்னும் நல்லது. பரிசுக்காக வரையும் பிள்ளை நடுவருக்குப் பிடித்ததைத்தான் வரையும்.

கேள்வி: சிறுவர்களுக்குப் பாட்டும் பொம்மலாட்டமும் காட்டினால் பெரியவர்கள் மாறுவார்களா?
- வாசகர், நாகர்கோவில்

பதில்: கரீபியன் தீவான செயின்ட் லூசியாவில் மாறினார்கள். அத்தீவில் மட்டுமே வாழும் ஒரு கிளியினம், வேட்டையாலும் காடழிப்பாலும் 1970களின் பிற்பகுதியில் ஏறத்தாழ நூறாகக் குறைந்திருந்தது. வனத்துறையினர் கிளி வேடமிட்டுப் பள்ளிதோறும் சென்றார்கள்; பொம்மலாட்டமும் பாடல்களும் தீவெங்கும் பரவின. 1979இல் அது தேசியப் பறவையானது, இன்று அதன் தொகை பல மடங்கு பெருகியிருக்கிறது. ஆனால் வேட்டையைத் தடுக்கும் சட்டமும் காட்டுப் பாதுகாப்பும் உடன் வலுவடைந்ததை மறக்கக் கூடாது. மக்கள் அந்தச் சட்டத்தைத் தங்களுடையதாக ஏற்கும் மனநிலையை உருவாக்கியதுதான் கலையின் பங்கு.

கேள்வி: நாடகத்துக்குத் தெர்மாகோல் மரங்களும் பிளெக்ஸ் பதாகையும் பயன்படுத்தலாமா?
- கல்லூரி மாணவி, சேலம்

பதில்: வேண்டாம். பழைய சேலை, மூங்கில், சணல் சாக்கு, கூழாக்கிய செய்தித்தாள் ஆகியவற்றால் எல்லாம் செய்யலாம். அசாம் பெண்கள் அணிந்து வரும் நாரைத் தலைகளும் காகிதக்கூழால் செய்தவைதான். வண்ணத்துக்கு மஞ்சள், செம்மண், அடுப்புக்கரி போதும். பொருள்களைத் தேடி எடுப்பதையும் ஒத்திகையின் ஒரு பகுதியாக வைத்துக்கொண்டு, அந்த வேலையை நடிக்கும் மாணவர்களிடமே ஒப்படையுங்கள்.