எத்தனை மணி நேரம் என்று கேட்டால் போதுமா?

கேள்வி: சமூக வலைதளங்கள் இளைஞர்களின் மனநிலையை எப்படிக் கெடுக்கின்றன என்பதுதான் என் எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப் பணி முதுகலை) ஆய்வு. கூகுள் ஃபார்ம் தயாரித்து, வாட்ஸ்அப் குரூப்களில் போட்டு நூறு பேரிடம் பதில் வாங்கினேன். அதிக நேரம் பார்ப்பவர்களுக்கு மனச்சோர்வும் அதிகம் என்று வந்திருக்கிறது. ஃபார்மை இணைத்திருக்கிறேன். முடிவுகளை உங்கள் இதழில் வெளியிடுவீர்களா?
- ஒரு மாணவி, அல்சூர், பெங்களூரு

பதில்: மாட்டேன். உழைத்திருக்கிறீர்கள், சரி. ஆனால் கெடுக்கிறது என்று முதலிலேயே முடிவு கட்டிவிட்டு அப்புறம் சாட்சி தேடப் போயிருக்கிறீர்கள். மனசு வாடிய பிள்ளை போனோடு மூலையில் ஒதுங்குவதும் உண்டு, போனைப் பார்த்துப் பார்த்தே வாடுவதும் உண்டு. ஒரே ஒரு தடவை நிரப்பிய ஃபார்ம் எது முந்தி என்று எப்படிச் சொல்லும்? 2019-இல் ஆமி ஆர்பன், ஆண்ட்ரூ பிரிஸ்பில்ஸ்கி என்ற இரண்டு ஆய்வாளர்கள் 3,55,358 வளரிளம் பிள்ளைகளின் தரவை அலசினார்கள். அவர்களுடைய மனநலத்தில் பிள்ளைக்குப் பிள்ளை தெரிந்த ஏற்ற இறக்கத்தில் டிஜிட்டல் பயன்பாட்டோடு சேர்த்துச் சொல்ல முடிந்தது அதிகபட்சம் 0.4 சதவீதம். அதை வைத்துப் பாதிப்பே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது, நிஜமாகவே அடிபட்ட பிள்ளை சராசரிக்குள் காணாமல் போய்விடும்.

உங்கள் முதல் கேள்வி, 'ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம்?' ஸ்ரீராமபுரத்தில் ஒரு வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். ஒரே போன்தான் இருக்கும். பகலில் அம்மா வேலைக்கு எடுத்துப் போவார், சாயங்காலம் தம்பி கேம் ஆடுவான், எல்லாரும் படுத்த பிறகுதான் பெண் கைக்கு வரும், லாக் பேட்டர்ன் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். யாராவது அவளுக்கு அசிங்கமாக மெசேஜ் அனுப்பினால் அதை முதலில் பார்ப்பது தம்பியாகவோ அப்பாவாகவோ இருக்கலாம், மறுநாளிலிருந்து அவளுக்குப் போனும் கிடையாது, சில வீடுகளில் காலேஜும் கிடையாது. இதை எந்த மணிக்கணக்கில் எழுதுவீர்கள்? அவள் உங்கள் நூறு பேரில் இருக்கவே வாய்ப்பில்லை. ஃபார்ம் சுற்றியது உங்கள் தோழிகளுக்கும் அவர்களுடைய தோழிகளுக்கும்தான்.

அதைவிட எனக்கு ஆதங்கம், இந்த ஊரில் இருந்துகொண்டு இதை மட்டும் கேட்டீர்களே என்பது. 2012 ஆகஸ்டில், தங்களைத் தாக்கப் போகிறார்கள் என்ற எஸ்.எம்.எஸ். வதந்தியை நம்பி வடகிழக்கு மாநிலத்தவர்கள் ஆயிரக்கணக்கில் சிட்டி ஸ்டேஷனில் குவாஹாட்டி ரயிலுக்கு முண்டியடித்தார்கள். 2016 செப்டம்பர், காவிரி பிரச்சினை. ஃபேஸ்புக்கில் போட்ட ஒரு பதிவுக்காகத் தமிழ் மாணவர் ஒருவரை இங்கே அடித்து மன்னிப்புக் கேட்கவைத்த வீடியோ, ராமேஸ்வரத்தில் கன்னட டிரைவரை அடித்த வீடியோ, இரண்டும் கைக்குக் கை பரவின, அப்புறம் தமிழ்நாட்டுப் பதிவெண் பஸ்களும் லாரிகளும் எரிந்தன. அந்த வீடியோக்களைப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? ஆனால் பஸ்ஸில் தமிழில் பேசவே பயந்த நாட்கள் அவை, உங்கள் அம்மாவையே கேட்டுப் பாருங்கள்.

ஆகவே நூறு பேர் வேண்டாம், பதினைந்து பேர் போதும். நேரில் உட்கார்ந்து, அவர்கள் வீட்டில் பேசும் மொழியிலேயே கேளுங்கள்: கடைசியாக உன்னை உலுக்கியது எது, யார் அனுப்பியது, பார்த்ததும் என்ன செய்தாய், யாரிடம் சொன்னாய்? பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் சம்மதமும் வேண்டும், பிள்ளையின் சம்மதமும் வேண்டும். நம் ஊர் நிமான்ஸ் மனநல மருத்துவமனையில், அளவு மீறிய போன், இணையப் பழக்கத்துக்கென்றே 2014 முதல் 'ஷட்' கிளினிக் நடக்கிறது, போய் விசாரியுங்கள்.

கடைசியாக ஒன்று. உங்கள் ஃபார்மின் ஒன்பதாவது கேள்வியில் 'வாழவே பிடிக்கவில்லை' என்று ஒரு கட்டம் வைத்திருக்கிறீர்கள், ஆனால் பெயர் வாங்கவில்லை, உதவிக்கு ஒரு எண் கூடக் கொடுக்கவில்லை. அதை டிக் செய்தவர்கள் யார் என்று இனி உங்களால் கண்டுபிடிக்க முடியாது. ஆய்வு கிடக்கட்டும், அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416, தமிழிலும் பேசலாம் என்று எழுதி, ஃபார்மைப் போட்ட ஒவ்வொரு குரூப்பிலும் இன்றைக்கே போடுங்கள்.