வெள்ளப் படத்தை ஆராய்ந்தால் வேலை கிடைக்குமா?

வணக்கம் அம்மா. உங்கள் மகள் முதுகலை இதழியல் இரண்டாம் ஆண்டு. 2015 சென்னை வெள்ளத்தை நாளிதழ்கள் எழுத்தும் படமுமாக எப்படிச் சொல்லின என்று ஆய்வேடு எழுதப் போகிறார். "பேப்பரில் படம் பார்ப்பதற்கு ஒரு படிப்பா, இதற்கு யார் சம்பளம் கொடுப்பார்கள்?" என்பது உங்கள் கேள்வி. அதில் பாதி நியாயம் இருக்கிறது. "படங்கள் உருக்கமாக இருந்தன, தலைப்புகள் மனதைத் தொட்டன" என்று அறுபது பக்கம் நிரப்பினால் யாரும் கொடுக்க மாட்டார்கள். அதே தலைப்பை எண்ணி, அளந்து, வேறொருவர் திரும்பச் செய்தாலும் அதே விடை வரும்படி செய்தால் கதை வேறு.

இதில் ஆராய என்ன இருக்கிறது? சுனாமி வந்த 2004 டிசம்பரில், 28ஆம் தேதி கடலூரில் ராய்ட்டர்ஸ் புகைப்படக்காரர் ஆர்கோ தத்தா எடுத்த படம் அந்த ஆண்டுக்கான வேர்ல்டு பிரஸ் போட்டோ விருதைப் பெற்றது. மணலில் கவிழ்ந்து கிடந்து அழும் ஒரு பெண்; விரிந்த இரண்டு உள்ளங்கைகள்; இறந்தவரின் கை மட்டும் படத்தின் ஓரத்தில். அலை இல்லை, கடல் இல்லை, உடைந்த படகு இல்லை. அது சுனாமி என்பதைச் சொல்வது படத்துக்குக் கீழே உள்ள ஒரு வரிதான். இப்படிப் பல பொருள் தரக்கூடிய படத்தை எழுத்து ஒரே பொருளில் நிறுத்துவதை, பிரெஞ்சு அறிஞர் ரோலான் பார்த் 1964இல் நங்கூரம் பாய்ச்சுவதற்கு ஒப்பிட்டார். உங்கள் மகளின் பாடத்திட்டத்தில் இது பெரும்பாலும் இருக்கும்.

2015இல் விஷயம் இன்னும் கனமானது. டிசம்பர் 1 தொடங்கி 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை நீர் திறப்பு. அடையாற்றின் இரு கரையும் மூழ்கின. 2018இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கை இதை மனிதரால் விளைந்த பேரிடர் என்றது. ஆக, "யார் செய்தது?" என்ற கேள்விக்கு ஒவ்வொரு பக்கமும் தெரிந்தோ தெரியாமலோ ஒரு பதில் சொல்லியிருக்கும். அந்தப் பதிலைத் தேடுவதுதான் ஆய்வு.

ஒரே நிகழ்வை மூன்று விதமாக எழுதலாம். "வெள்ளம் ஊருக்குள் புகுந்தது" என்றால் செய்தது தண்ணீர். "ஏரி திறக்கப்பட்டது" என்றால் செய்தவர் காணாமல் போகிறார். "அதிகாரிகள் ஏரியைத் திறந்தனர்" என்றால்தான் ஆள் தெரிகிறார். ஆங்கிலப் பாடநூல்கள் பெரும்பாலும் செயப்பாட்டுவினையை ("திறக்கப்பட்டது" போன்றதை) தேடச் சொல்லும். தமிழில் அது போதாது. "கரை உடைந்தது", "வீடுகள் மூழ்கின", "மின்சாரம் நின்றது" என்று தன்வினையிலேயே நம்மால் ஆளை மறைத்துவிட முடியும். தரவு அட்டவணையில் இதற்கு ஒரு தனிக் கட்டம் போடாத தமிழ்ச் செய்தி ஆய்வு அரைகுறையாகத்தான் நிற்கும்.

பிறகு அந்தத் தலைப்புக்குப் பக்கத்தில் என்ன படம் என்று பார்க்க வேண்டும். செய்தி மதகைப் பற்றிப் பேசும். படத்தில் படகில் குழந்தையை ஏற்றும் வீரர் இருப்பார். மதகு இருக்காது. எழுத்து காரணத்தைச் சொல்கிறது, கண் மீட்பை மட்டும் பார்க்கிறது. ஹெலிகாப்டரிலிருந்து எடுத்த படத்தில் கூரைகள் தெரியும், முகம் தெரியாது. இப்படி எழுத்தும் படமும் எங்கே ஒத்துப்போகின்றன, எங்கே விலகுகின்றன என்று வரிசையாகக் காட்டினாலே ஆய்வேடு நிற்கும்.

வேலைமுறைக்கு வருவோம். இரண்டு நாளிதழ்கள், டிசம்பர் 1 முதல் 7 வரை, முதல் பக்கமும் நகரப் பக்கங்களும் போதும். ஐந்து நாளிதழ், ஒரு மாதம் என்று ஆசைப்பட்டவர்கள் பெரும்பாலும் தரவைச் சேர்த்து முடிப்பதற்குள் வைவா என்ற வாய்மொழித் தேர்வின் தேதி வந்துவிடும். ஓர் அலகு என்பது படம், படவிளக்கம், தலைப்பு, செய்தியின் முதல் பத்தி நான்கும் சேர்ந்தது. நாளிதழைப் பொறுத்து எழுபது முதல் நூறு அலகு வரை கிடைக்கலாம். முதுகலைக்கு அது தாராளம். எக்செல்லில் ஓர் அலகுக்கு ஒரு வரிசை. படத்துக்கு: யார் அல்லது எது இருக்கிறது, அண்மைக் காட்சியா சேய்மைக் காட்சியா, கேமரா மேலிருந்தா கண்மட்டத்திலா, படத்தில் உள்ளவர் நம்மைப் பார்க்கிறாரா, என்ன செய்கிறார், படத்தைக் கொடுத்தது யார், பக்கத்தில் எத்தனை சதவீத இடம். இ-பேப்பரில் செ.மீ. அளவு திரைக்குத் திரை மாறும் என்பதால்தான் சதவீதம். எழுத்துக்கு: தலைப்பின் எழுவாய், வினையின் வகை, காரணம் சொல்லப்பட்டதா, செய்தியில் வரும் எண் எதைப் பற்றியது. கடைசிக் கட்டம் உறவு: படவிளக்கம் கண்ணுக்குத் தெரிவதையே திரும்பச் சொல்கிறதா, கூடுதலாகச் சொல்கிறதா, முரண்படுகிறதா.

'கொடுத்தது யார்' என்ற கட்டத்தைச் சோம்பலில் விட்டுவிட வேண்டாம். 2015 டிசம்பர் 3 அன்று பிரதமர் விமானத்திலிருந்து வெள்ளத்தைப் பார்வையிடும் படத்தை மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகம் வெளியிட்டது. ஜன்னலில் தெரிந்த காட்சி ஒட்டப்பட்டது என்று தெரிந்ததும் படம் நீக்கப்பட்டது. அரசு கொடுத்த படம், செய்தி ஏஜென்சி படம், சொந்தப் புகைப்படக்காரர் படம் மூன்றையும் ஒரே தட்டில் போட்டால் முடிவே கோணலாகும்.

தரவில் ஓட்டை விழும் இடங்களும் உண்டு. ஊழியர்கள் மறைமலைநகர் அச்சகத்துக்குப் போக முடியாததால் தி இந்து ஆங்கில நாளிதழின் சென்னைப் பதிப்பு டிசம்பர் 2 அன்று அச்சாகவே இல்லை. 1878இல் தொடங்கிய இதழுக்கு அது முதல் முறை. அதை எடுத்துக்கொண்டால் ஏழு நாளில் ஒரு நாள் காலி. வெளியூர்ப் பதிப்பை வைத்து மௌனமாக நிரப்புவது தவறு. காலி என்று எழுதி, காரணத்தையும் எழுத வேண்டும். இணையப் பக்கத்தை எடுப்பதானால் தலைப்பும் படமும் பின்னால் மாற்றப்பட்டிருக்கலாம். எடுத்த நாள், நேரத்தோடு ஸ்கிரீன்ஷாட் வைத்திருக்கட்டும்.

அதிகம் பேர் சறுக்குவது நம்பகத்தன்மையில். 'சோகம்', 'கவர்ச்சி' என்றெல்லாம் கட்டம் போட்டால் இரண்டு பேர் ஒரே விடை எழுத மாட்டார்கள். 'முகம் தெரிகிறது / தெரியவில்லை' என்று போட்டால் எழுதுவார்கள். அலகுகளில் ஐந்தில் ஒரு பங்கை ஒரு தோழியிடம் கொடுத்து, தன் விடையைக் காட்டாமல் குறிக்கச் சொல்லி, ஒப்பீட்டைக் கோஹன் கப்பாவில் கணக்கிட வேண்டும். தற்செயலாக ஒத்துப்போவதைக் கழித்துவிட்டுப் பார்க்கும் அளவு அது; முழுதும் ஒத்துப்போனால் 1, தற்செயலுக்கு மேல் எதுவும் இல்லை என்றால் 0. 'நூற்றுக்கு எண்பத்தைந்து ஒத்துப்போனது' என்று எழுதுவது ஏமாற்று. இருவரும் நூற்றில் தொண்ணூறு படத்துக்கு 'தண்ணீர் உண்டு' என்று குறித்திருந்தால், கண்ணை மூடிக் குறித்தாலே 82 சதவீதம் ஒத்துப்போகும். அந்த 85இன் கப்பா வெறும் 0.17தான். 0.6க்குக் கீழே வந்தால் கட்டத்தின் வரையறையைத் திருத்தி மறுபடி குறிக்க வேண்டும்.

இன்னொன்று: பக்கத்தை ஆராய்ந்துவிட்டு 'வாசகர்கள் பயந்தார்கள்' என்று எழுதக் கூடாது. வாசகரிடம் கேட்காமல் அது தெரியாது. தேர்வாளர் முதலில் கேட்பதும் அதுவாகவே இருக்கும்.

வேலைக்கு வருவோம். இந்தத் திறமையின் பெயரில் நம்மூரில் பதவி கிடையாது. விளம்பரத்தில் தேடிக் கிடைக்கவில்லை என்று பதற வேண்டாம். நேரடியாகப் பொருந்துவது தகவல் சரிபார்ப்பு. அதே 2015 வெள்ளத்தில் முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டதாக வதந்தி பரவி, பண்ணை மறுக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு புயலுக்கும் ஏதோ ஒரு நாட்டின் பழைய படம் புதிய வரியோடு வாட்ஸ்அப்பில் வருகிறது. படம் உண்மை, வரி பொய். அந்த இணைப்பைப் பிரித்துப் பார்க்கும் பயிற்சிதான் உங்கள் மகளுக்குக் கிடைக்கப் போவது. கூடவே கூகுள் லென்ஸ், டின்ஐ ஆகிய தளங்களில் தலைகீழ்ப் படத்தேடலும் (படத்தைக் கொடுத்து அது முன்பு எங்கே வந்தது என்று தேடுவது), கடைப் பலகை, நிழல், வண்டி எண்ணை வைத்து இடம் கண்டுபிடிப்பதும் பழகட்டும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய படத்தில் எடுத்த தேதி, இடம் பற்றிய உள்தகவல் அழிந்துவிடும்; அதை நம்பி உட்காரக் கூடாது.

இரண்டாவது, பலர் கவனிக்காதது: பேரிடர்த் தரவுக்குக் குறியிடும் வேலை, அதாவது ஒவ்வொரு பதிவும் படமும் எந்த வகை என்று குறிப்பது. கிரைசிஸ் எம்எம்டி என்ற திறந்த தரவுத்தொகுப்பில் 2017இல் நடந்த ஏழு பேரிடர்களின் ட்வீட்டுகள் உள்ளன. 16,000க்கு மேல் பதிவு, 18,000க்கு மேல் படம். இலங்கை வெள்ளமும் அதில் ஒன்று. எழுத்துக்குத் தனி, படத்துக்குத் தனி என்று குறியிட்டிருப்பார்கள். உங்கள் மகள் எக்செல்லில் செய்யப்போவதும் இதே வேலைதான். பைத்தான் என்ற நிரல்மொழியின் அடிப்படையையும் அதில் கப்பா கணக்கிடவும் கற்றுக்கொண்டால் கணினித்துறை ஆய்வுக் குழுவில் மொழி தெரிந்த ஆளாகச் சேர முயலலாம்.

நாளிதழ்களில் துணையாசிரியர், படப்பிரிவு வேலை உண்டு. இரவுப் பணி இருக்கும், வீட்டில் பேசிக்கொள்ளுங்கள். தொண்டு நிறுவனங்களின் தகவல் தொடர்புப் பிரிவு உண்டு. டிஎன்பிஎஸ்சி வழியாக உதவி மக்கள் தொடர்பு அலுவலர் பணிக்கும் எழுதலாம். அறிவிப்பு அடிக்கடி வராது, அதை மட்டும் நம்பி ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டாம். ஆய்விலேயே நாட்டம் என்றால் ஆண்டுக்கு இருமுறை நடக்கும் யுஜிசி நெட் தகுதித் தேர்வில் இதழியல் பாடத்தை எழுதி ஜேஆர்எஃப் என்ற ஆய்வு உதவித்தொகை வாங்கப் பார்க்கட்டும். 2023 முதல் மாதம் 37,000 ரூபாய்.

நேர்காணலுக்கு ஆய்வேடு முழுவதையும் தூக்கிக்கொண்டு போக வேண்டாம். ஒரே ஒரு முதல் பக்கத்தை எடுத்து, படம், தலைப்பு, வினை, படம் கொடுத்தவர் என்று அம்புக்குறி போட்டு விளக்கிய இரண்டு தாள். பின்னால் குறியீட்டு விதிகள் ஒரு தாள். கப்பா அட்டவணை ஒரு தாள். உயிரிழந்தோர், குழந்தைகள் முகத்தை மறைத்துவிட்டு இணைக்கச் சொல்லுங்கள். அதைக் கவனித்திருக்கிறாரா என்று பார்க்கும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள்.