எதுவும் போடாத குப்பி

கேள்வி: எங்கள் வீடு குளச்சல் பக்கம். நான் எம்.இ. சுற்றுச்சூழல் பொறியியல் படிக்கிறேன். எண்ணெய் கலந்த கழிவுநீரைச் சுத்தம் செய்வதில் ஏதாவது செய் என்று கைடு சொல்லிவிட்டார். அப்பா படகு எஞ்சினும் பைக்கும் பார்க்கும் ஒர்க் ஷாப் வைத்திருக்கிறார், அங்கே தினமும் ஓடுவது அந்தத் தண்ணீர்தான். கதம்பைத் தூளை, அதாவது தேங்காய் மட்டைத் தூளை, போட்டு எண்ணெயை எடுக்கலாம் என்று நினைக்கிறேன், சரிவருமா? அக்கா எம்.எஸ்சி. நர்சிங் படிக்கிறாள், அவளுக்கு நர்சிங் கல்வியில் ஒரு தலைப்பு வேண்டும். கையில் பெரிய பணம் இல்லை. அப்பாவோ, "நீங்க ரெண்டு பேரும் ஆராய்ச்சி பண்ணுறது இருக்கட்டும், என் கடைத் தண்ணிக்கு ஒரு வழி சொல்லுங்க" என்கிறார்.

பதில்: தம்பி, அப்பாவின் கேள்விக்குக் கடைசியில் வருகிறேன். உங்கள் மூன்று கேள்விகளில் உண்மையிலேயே அவசரமானது அதுதான்.

முதலில் செலவில்லாத ஒரு வேலை. நாளைக் காலையில் ஒர்க் ஷாப்பில் இரண்டு கண்ணாடிக் குப்பிகளில் தண்ணீர் பிடியுங்கள். ஒன்று, எஞ்சின் பாகங்களை வெறும் தண்ணீரில் கழுவியது. மற்றது, சோப்புப் பவுடர் போட்டுக் கழுவியது. இரண்டையும் அசைக்காமல் அலமாரியில் வைத்துவிட்டு மறுநாள் பாருங்கள். முதல் குப்பியில் கரி ஆயில் மேலே ஏறிப் படலமாக நிற்கும், கீழே தண்ணீர் பெரும்பாலும் தெளிந்திருக்கும். இரண்டாவது குப்பி, பால் கூடிப்போன சாயா மாதிரி, கலங்கியது கலங்கியபடியே இருக்கும். முதல் குப்பிக்கு ஆராய்ச்சி வேண்டாம், ஒரு தொட்டி போதும். உங்கள் தீசிஸ் இரண்டாவது குப்பிக்குள் இருக்கிறது.

காரணம் துளியின் அளவு. 150 மைக்ரானுக்கு (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மேற்பட்ட எண்ணெய்த் துளிகள் தாமாகவே மிதந்து வந்துவிடும். 20 மைக்ரானுக்குக் கீழே போனால் அதைப் பால்மம், அதாவது எமல்ஷன் என்கிறோம். ஸ்டோக்ஸ் விதிப்படி துளி மேலேறும் வேகம் அதன் விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. தண்ணீரைவிட 10 சதவீதம் அடர்த்தி குறைந்த எண்ணெய் என்று வைத்துக் கணக்குப் போட்டால், 150 மைக்ரான் துளி ஒரு மீட்டர் ஏற ஏறக்குறைய 14 நிமிடம். அதுவே 15 மைக்ரான் துளி என்றால் நூறு மடங்கு நேரம், கிட்டத்தட்ட 23 மணி. சோப்பு செய்வது இதைத்தான். எண்ணெயைப் பொடிப்பொடியாக உடைத்து, ஒவ்வொரு துளியையும் சுற்றிப் போர்வை போர்த்தி, ஒன்றோடொன்று சேரவிடாமல் தடுக்கிறது. சட்டையில் கறை போவதற்கு நல்லது. கழிவுநீருக்கு அதைவிடக் கெட்டது வேறில்லை.

இனி கதம்பைத் தூள். சரிவருமா என்றால், அப்படியே போட்டால் சரிவராது. செடித்தொட்டிக்கு அதை ஏன் வாங்குகிறார்கள்? தன் எடையைப்போலப் பல மடங்கு தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும் என்பதால்தானே. தண்ணீரை அவ்வளவு விரும்புகிற பொருளிடம் எண்ணெயை மட்டும் பிடி என்று கேட்கிறீர்கள். அதன் பரப்பை எண்ணெய் விரும்பும்படி மாற்ற வேண்டும். அசெட்டிக் அன்ஹைட்ரைடு கொண்டோ கொழுப்பு அமிலம் கொண்டோ மாற்றுவது வழக்கம். செய்யலாம், ஆனால் அந்த ரசாயனச் செலவையும் அதிலிருந்து வரும் புதுக் கழிவையும் தீசிஸில் மறைக்காமல் எழுத வேண்டும்.

என்னைக் கேட்டால் இலவம்பஞ்சை எடுத்துக்கொள்வேன். அந்த நாரின் வெளிப்புறம் இயற்கையிலேயே மெழுகு பூசியது, உள்ளே குழாய் போல வெற்றிடம். தண்ணீரில் மிதக்கும், எண்ணெயைக் கண்டால் உறிஞ்சும். பழைய தலையணையைப் பிரித்தால் முதல் மாத ஆய்வுக்குப் போதும். ஆனால் நன்றாகப் பிடித்துக்கொண்ட எமல்ஷனைப் பஞ்சு மட்டும் உடைத்துவிடாது. முதலில் படிகாரமோ ஃபெரிக் குளோரைடோ போட்டு ஜார் டெஸ்ட் செய்து, அதாவது வரிசையாகப் பல குடுவைகளில் வேறுவேறு அளவு போட்டுக் கலக்கிப் பார்த்து, துளிகளைத் திரட்டி, அப்புறம் பஞ்சு அடைத்த குழாய் வழியே விடுங்கள். சோப்பின் அளவு கூடக்கூட இந்த ஏற்பாடு எந்த இடத்தில் தோற்கிறது? ஒரு எம்.இ. ஆய்வுக்கு இந்த ஒரு கேள்வி தாராளம். "சுத்தம் செய்தேன்" என்று எழுதுகிறவர்கள் நிறைய. எங்கே தோற்றது என்று எழுதுகிறவர்கள் குறைவு.

இங்கேதான் முக்கியமான விஷயம். ஒவ்வொரு சோதனையிலும் மூன்று குப்பிகள் வையுங்கள். கழிவுநீர், அதில் எதுவும் போடாதது. நல்ல தண்ணீர், அதில் உங்கள் தூளோ பஞ்சோ போட்டது. மூன்றாவதுதான் கழிவுநீரும் பொருளும் சேர்ந்தது. எல்லாரும் மூன்றாவதை மட்டும் வைத்துவிட்டுச் சதவீதம் போடுகிறார்கள். ஒரு கணக்குக்கு, லிட்டருக்கு 400 மில்லிகிராம் எண்ணெயில் தொடங்கி 80-இல் முடிந்தது என்று வையுங்கள். 80 சதவீதம் நீக்கம், கைதட்டல். எதுவும் போடாத குப்பியில் அதே நேரத்தில் 400 தானாகவே 160 ஆகியிருந்தால்? மீதி 80 மில்லிகிராம்தான் உங்கள் பொருள் செய்த வேலை. மற்றது வெறும் மிதப்பு.

இந்த மூன்றில் இரண்டாவதான நல்ல தண்ணீர்க் குப்பியை நான் சொல்வதற்குச் சொந்த அனுபவம் காரணம். என்னிடம் படித்த ஒரு மாணவர் பச்சைக் கதம்பைத் தூளைப் போட்டார். எண்ணெய் குறைந்தது, சி.ஓ.டி., அதாவது நீரிலுள்ள மாசை ஆக்சிஜனேற்றத் தேவைப்படும் ஆக்சிஜனின் அளவு, ஏறியது. கருவி கெட்டுவிட்டது என்று இரண்டு வாரம் அதோடு மல்லுக்கட்டினார், நானும் கூடவே. தூளிலிருந்து இறங்கிய டானின் என்ற துவர்ப்புச் சத்துதான் அது. நல்ல தண்ணீரில் போட்டுப் பார்த்திருந்தால் ஒரே இரவில் பழுப்பு நிறம் காட்டிக்கொடுத்திருக்கும்.

அளப்பது எப்படி என்பதில் கைடு உதவுவார், ஆனாலும் சிலது சொல்லிவைக்கிறேன். வாய் அகன்ற கண்ணாடிக் குப்பியில்தான் எடுக்க வேண்டும், பிளாஸ்டிக்கில் எண்ணெய் ஒட்டிக்கொள்ளும். எடுத்ததும் அமிலம் விட்டு பி.எச். 2-க்குக் கீழே கொண்டுவந்து, குளிரில் வையுங்கள். குப்பியிலிருந்து கொஞ்சம் ஊற்றி அளப்பது கூடவே கூடாது. முழுக் குப்பியையும் ஹெக்சேனால் பிரித்தெடுத்து, காலிக் குப்பியையும் ஹெக்சேன் விட்டு அலசி அதோடு சேர்க்க வேண்டும். ஹெக்சேன் 69 டிகிரியில் கொதிக்கும், சட்டென்று தீப்பிடிக்கும். ஆவியாக்கும்போது ஆவியை வெளியே இழுக்கும் புகைக்கூண்டும் (ஃப்யூம் ஹூட்), வெந்நீரில் வைத்துச் சூடாக்கும் வாட்டர் பாத்தும் கட்டாயம், பக்கத்தில் நெருப்பு ஆகாது. ஹாஸ்டல் அறையில் முயற்சி செய்யாதீர்கள். இன்னொன்று: ஹெக்சேனை ஆவியாக்கி மிச்சத்தை எடை போடும் இந்த முறையில் பெட்ரோல் முழுக்கவே போய்விடும், டீசலிலும் ஒரு பங்கு போய்விடும். படகு எஞ்சின் தண்ணீரில் டீசல் கலந்திருக்கும், ஆகவே நீங்கள் காணும் எண் உண்மையைவிடக் குறைவு. அதை அத்தியாயத்தில் ஒரு வரி எழுதிவிட்டால் வைவாவில் யாரும் மடக்க முடியாது.

இலக்கு எண்களும் தெரிந்திருக்க வேண்டும். நம் நாட்டின் பொது விதிப்படி ஆறு, குளம் போன்ற உள்நாட்டு நீரில் விடும் கழிவில் எண்ணெயும் கிரீஸும் லிட்டருக்கு 10 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. பொதுச் சாக்கடைக்கும் கடலோரத்துக்கும் 20. பெரிய கப்பல்கள் அடித்தட்டில் தேங்கும் நீரைக் கடலில் விடுவதற்கு கப்பல் மாசைத் தடுக்கும் மார்போல் என்ற சர்வதேச ஒப்பந்தம் வைத்த அளவு 15 பி.பி.எம்., அதாவது பத்து லட்சத்தில் 15 பங்கு. 95 சதவீதம் நீக்கினேன் என்பது பெரிதில்லை. 1000-இல் தொடங்கியிருந்தால் மிச்சம் 50, சட்டப்படி தோல்வி.

லாங்முயர், ஃப்ராய்ண்ட்லிச் வரைபடங்கள் போடச் சொல்வார்கள். போடுங்கள், மதிப்பெண் உண்டு. ஆனால் அவை நீரில் கரைந்த பொருள் பரப்பில் ஒட்டுவதற்கு எழுதப்பட்ட சமன்பாடுகள், மிதக்கும் துளிகளுக்கு அல்ல. நேர்க்கோடு அழகாக விழுந்தது என்பதற்காக "வேதிப் பிணைப்பு நடந்தது" என்று எழுதிவிடாதீர்கள். அதேபோல், எண்ணெய் குடித்த பஞ்சை என்ன செய்வது என்ற இடத்தில் "எரிபொருளாகப் பயன்படுத்தலாம்" என்று ஒரு வரியில் தாண்டிப்போவது நம் தீசிஸ்களின் வியாதி. பிழிந்தால் எவ்வளவு எண்ணெய் திரும்பக் கிடைக்கிறது, எத்தனை முறை பிழியலாம் என்று அளந்து சொல்லுங்கள்.

அக்கா விஷயம். இது என் மனைவியின் துறை, இருபது வருடத்துக்கு மேல் நர்சிங் கல்லூரியில் பாடம் எடுத்தவள். உங்கள் கடிதத்தைப் படித்ததும் அவள் கேட்டது ஒன்றே: "கன்ட்ரோல் குரூப் வைப்பாளா?" பாடம் எடுக்காமல் ஒப்பிட்டுப் பார்க்க வைக்கும் குழு அது. எனக்குச் சிரிப்பு வந்தது. அதே எதுவும் போடாத குப்பி.

நர்சிங் ஆய்வுகளில் மிகப் பரிச்சயமான வடிவம் இது: ஒரு வகுப்புக்கு முன்தேர்வு, ஒரு மணி நேரக் கற்பித்தல், ஏழாம் நாள் அதே வினாத்தாளில் பின்தேர்வு, மதிப்பெண் கூடியது, கற்பித்தல் பலன் தந்தது. கூடாமல் எப்படி இருக்கும்? அதே கேள்விகளை இரண்டாம் முறை பார்க்கிறார்கள், நடுவில் புத்தகத்தையும் புரட்டியிருப்பார்கள். பாடம் எடுக்காவிட்டாலும் கொஞ்சம் ஏறும். எவ்வளவு ஏறும் என்று காட்ட இன்னொரு குழு வேண்டும். அவர்களுக்குப் பாடத்தையே மறுப்பது நியாயமில்லை, ஆகவே பின்தேர்வு முடிந்ததும் அவர்களுக்கும் அதே வகுப்பை எடுத்துவிடலாம். நெறிமுறைக் குழுவுக்கு விண்ணப்பிக்கும்போதே இதை எழுதிக்கொடுக்கட்டும்.

தலைப்புக்கு அவள் சொன்னது, சொட்டுக் கணக்கு. 500 மில்லி சலைன் 4 மணி நேரத்தில் ஏற வேண்டும், டிரிப் செட் ஒரு மில்லிக்கு 20 சொட்டு, நிமிடத்துக்கு எத்தனை? 42 என்று வர வேண்டும். சரி அல்லது தவறு, நடுவில் எதுவும் இல்லை, "மனப்பான்மை அளவுகோல்" மாதிரி வழவழப்பு கிடையாது. ஒரு குழுவுக்கு வழக்கம்போல் பலகையில் சூத்திரம். மற்றக் குழுவுக்குக் கையில் டிரிப் செட்டும் வாளியும் கடிகாரமும் கொடுத்து எண்ண வைப்பது. ஏழாம் நாளோடு நிறுத்தாமல் ஆறு வாரம் கழித்து மறுபடியும் சோதிக்க வேண்டும், அப்போதுதான் எது மனதில் நின்றது என்று தெரியும். எழுத்துத் தேர்வோடு, செய்து காட்டும் தேர்வும் வேண்டும். 1975-இல் ஸ்காட்லாந்தின் டண்டீயில் ரொனால்ட் ஹார்டனும் அவர் சகாக்களும் கொண்டுவந்த ஓஸ்கி முறையில், அதாவது மாணவர்கள் நிலையம் நிலையமாகப் போய்ச் செய்துகாட்டும் தேர்வு முறையில், இரண்டு நிலையங்கள் வைத்தால் போதும்.

எத்தனை பேர் தேவை? இரு குழுக்களுக்கும் இடையிலான வேறுபாடு அரைத் திட்ட விலக்கம் (மதிப்பெண்கள் சராசரியைச் சுற்றிப் பரவி நிற்கும் அளவில் பாதி) என்று எதிர்பார்த்தால், வழக்கமான 80 சதவீதத் திறனுக்கு, அதாவது உண்மையான வேறுபாட்டைப் பத்தில் எட்டு முறை கண்டுபிடிக்க, குழுவுக்கு ஏறக்குறைய 64 பேர். பெரிய வேறுபாடு, 0.8 திட்ட விலக்கம் என்று எதிர்பார்த்தால் 26 பேர். முப்பது முப்பது என்று எல்லாரும் எடுப்பதால் நாமும் எடுக்கிறோம் என்பது பதில் ஆகாது. ஒரே ஹாஸ்டலில் இருப்பவர்களை இரண்டாகப் பிரிக்கவும் வேண்டாம். காலையில் சொன்னது இரவுச் சாப்பாட்டுக்குள் எல்லா அறைக்கும் போய்விடும். நாகர்கோவிலுக்கும் மார்த்தாண்டத்துக்கும் இடையில் நர்சிங் கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லை, இரண்டு கல்லூரிகளில் அனுமதி கேட்கட்டும். இரண்டு கல்லூரிப் பிள்ளைகளும் தொடக்கத்தில் ஒரே தரமா என்று பார்க்கத்தான் முன்தேர்வு.

அப்புறம் அப்பா. அவரிடம் முதலில் சோப்புப் பவுடரை நிறுத்தச் சொல்லுங்கள். பாகங்களை முதலில் சுரண்டி, மரத்தூளோ பழந்துணியோ வைத்துத் துடைத்துவிட்டு அப்புறம் தண்ணீர் காட்டட்டும். டீசலில் கழுவுவதைத் தனி டப்பில் செய்து அந்த டீசலைத் தனியே வைக்க வேண்டும். வடித்த ஆயிலை அதிகாரம் பெற்ற மறுசுழற்சிக்காரரிடம்தான் கொடுக்க வேண்டும், ஓடைக்கோ தென்னை மூட்டுக்கோ போகக் கூடாது. எண்ணெய் பிடித்த துணியும் தூளும் அபாயக் கழிவுக் கணக்கில் வரும், சாயா அடுப்பில் போட வேண்டாம்.

மிச்சத் தண்ணீருக்கு மூன்று அறைத் தொட்டி. வெளியேறும் குழாய் நீர்மட்டத்துக்குக் கீழிருந்து தண்ணீரை எடுக்க வேண்டும், மேலே மிதக்கும் ஆயில் உள்ளேயே நின்றுவிடும். கொத்தனார் ஆழமாகத் தோண்டலாம் என்பார். இங்கே கணக்கு ஆழத்தில் இல்லை, பரப்பில் இருக்கிறது. மணிக்கு 500 லிட்டர் தண்ணீர் ஓடினால், 60 மைக்ரான் துளிவரை பிடிக்க ஏறக்குறைய முக்கால் சதுர மீட்டர் பரப்பு வேண்டும். சலசலப்புக்கும் சேர்த்து அதை இரண்டு மடங்காக்குங்கள். கூரைத் தண்ணீரும் முற்றத்துத் தண்ணீரும் இந்தத் தொட்டிக்குள் வரவே கூடாது. நமக்கு இடவப்பாதி மழையும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு. ஒரு மழை உள்ளே புகுந்தால் சேர்த்துவைத்த ஆயில் மொத்தமும் ஓடைக்குப் போய்விடும்.

கொத்தனாரை அழைக்குமுன் ஒரு வாரம் பொறுங்கள். அந்த வாரம் தினமும் ஒரு குப்பி தண்ணீர் பிடித்து, அளந்து, எழுதி வையுங்கள். தொட்டி கட்டிய பிறகு பழைய தண்ணீர் கிடைக்காது.