டி டிரைவில் இடம் இருந்தும் மென்பொருளை நிறுவ முடியாதது ஏன்?

கேள்வி: என் விண்டோஸ் கணினியின் சி டிரைவில் 3 ஜிபி மட்டுமே மீதம் உள்ளது, டி டிரைவில் 200 ஜிபி காலியாக இருக்கிறது. புதிய மென்பொருள் ஒன்றை டி டிரைவில் நிறுவச் சொன்னாலும் இடம் போதவில்லை என்ற பிழைச் செய்தியே வருகிறது. காரணம் என்ன? சி டிரைவில் எவற்றை அழிக்கலாம்?

பதில்:

நாம் பதிவிறக்கும் நிறுவல் கோப்பு, உள்ளே பல கோப்புகளைச் சுருக்கி வைத்திருக்கும் ஒரு பொட்டலம். அதைத் திறந்தவுடன் பெரும்பாலான நிறுவிகள் அந்தக் கோப்புகளை முதலில் டெம்ப் என்ற கோப்புறையில் விரித்து வைத்துக்கொண்டு, அதன் பிறகே நாம் காட்டிய இடத்துக்குக் கொண்டுசெல்கின்றன. இந்த டெம்ப் கோப்புறை இருப்பது சி டிரைவில். 2 ஜிபி பொட்டலம் விரியும்போது அதைவிடப் பெரிதாகிவிடும் என்பதால், போய்ச்சேரும் இடம் டி டிரைவாக இருந்தாலும் வழியில் சி டிரைவிலும் இடம் தேவைப்படுகிறது. இதைத் தவிர, பல மென்பொருள்கள் பொதுவில் பயன்படும் சில பகுதிகளை நம்மிடம் கேட்காமலே சி டிரைவில் வைக்கின்றன.

எதையும் அழிப்பதற்கு முன்னால் இடத்தை எது பிடித்திருக்கிறது என்று அளந்து பாருங்கள். செட்டிங்ஸில் சிஸ்டம், அதற்குள் ஸ்டோரேஜ் என்ற பக்கம் வகைவாரியாகக் கணக்குக் காட்டும். இன்னும் நுணுக்கமாகப் பார்க்க விண்டிர்ஸ்டாட் என்ற இலவச மென்பொருள் உதவும். ஒவ்வொரு கோப்பையும் அதன் அளவுக்கேற்ற கட்டமாக அது வரைந்து காட்டுவதால், எங்கோ மறந்து விட்டுவைத்த பெரிய காணொளிகள் உடனே கண்ணில் படும். நூற்றுக்கணக்கான சிறு கோப்புகளை ஒவ்வொன்றாக அழித்துக் களைப்பதைவிட, பெரிய நான்கைந்தைக் கண்டுபிடிப்பதே பலன் தரும் என்பது என் அனுபவம்.

அதே ஸ்டோரேஜ் பக்கத்தில் டெம்பரரி ஃபைல்ஸ் என்ற பகுதியில் இருப்பவற்றை அச்சமின்றி நீக்கலாம், ஒன்றைத் தவிர. டவுன்லோட்ஸ் கோப்புறையும் அந்தப் பட்டியலில்தான் நிற்கிறது. அதில் நீங்கள் சேமித்த ஆவணங்கள் இருக்கக்கூடும் என்பதால், உள்ளே பார்க்காமல் அந்தக் கட்டத்தில் குறியிடாதீர்கள். அண்மையில் விண்டோஸின் புதிய பதிப்புக்கு மாறியிருந்தால், பழைய பதிப்பு விண்டோஸ்.ஓல்ட் என்ற பெயரில் பல ஜிபி இடத்தைப் பிடித்திருக்கும். 10 நாட்களில் அது தானாகவே நீங்கிவிடும்; முன்னதாகவே நீக்கினால் பழைய பதிப்புக்குத் திரும்பும் வழி அடைபடும், அவ்வளவுதான்.

மறைந்திருக்கும் இன்னொரு பெரிய கோப்பு ஹைபர்ஃபில்.சிஸ். ஹைபர்னேட், அதாவது திறந்திருப்பவற்றை அப்படியே சேமித்துவிட்டுக் கணினியை அணைப்பது, நிகழும்போது நினைவகத்தில் (ரேம்) உள்ளதை எழுதிவைப்பதற்கான இது, வழக்கமாக ரேம் அளவில் ஏறத்தாழ 40 விழுக்காடு இருக்கும்; 16 ஜிபி ரேம் என்றால் 6 ஜிபிக்கும் மேல். ஹைபர்னேட் உங்களுக்குத் தேவையில்லை என்றால், கட்டளைச் சாளரத்தை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, பவர்சிஎஃப்ஜி கட்டளையால் (powercfg /h off) அந்த வசதியை முடக்கினால் கோப்பு தானே மறைந்துவிடும். ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் வசதியும் அதனுடன் போய்விடும் என்பதால் கணினி சற்று மெதுவாகத் தொடங்கலாம்.

கை வைக்கவே கூடாத இரண்டு கோப்புறைகளைப் பற்றி அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். விண்டோஸ் கோப்புறைக்குள், விண்டோஸ் தன் பாகங்களைச் சேமித்து வைத்திருக்கும் வின்எஸ்எக்ஸ்எஸ், பார்ப்பதற்கு மிகப் பெரிதாகத் தோன்றும். உண்மையில் அதிலுள்ள பல கோப்புகள் சிஸ்டம் கோப்புறைகளில் இருக்கும் அதே கோப்புகள்தாம். டிஸ்கில் ஒரே இடத்தில் இருக்கும் தரவுக்கு இரண்டு பெயர்கள் இருப்பதால், எக்ஸ்ப்ளோரர் அதை இருமுறை எண்ணிவிடுகிறது. அதைச் சுருக்க வேண்டுமானால் டிஸ்க் கிளீனப்பில் சிஸ்டம் கோப்புகளுக்கான தேர்வைத் திறந்து, விண்டோஸ் அப்டேட் கிளீனப் என்பதைக் குறியிடுங்கள். மற்றொன்று, அதே விண்டோஸ் கோப்புறைக்குள் மறைந்திருக்கும் இன்ஸ்டாலர். பல ஆண்டுகளுக்கு முன் அதிலிருந்த கோப்புகளைப் பழைய குப்பை என்று கருதி நான் அழித்துவிட்டேன். அன்று ஒன்றும் ஆகவில்லை; சில வாரங்கள் கழித்து ஒரு மென்பொருளைப் புதுப்பிக்க முயன்றபோது மூல நிறுவல் கோப்பு கிடைக்கவில்லை என்று நின்றது, நீக்கவும் முடியவில்லை. மென்பொருளைச் சரிசெய்யவும் புதுப்பிக்கவும் நீக்கவும் விண்டோஸ் தேடிச் செல்லும் இடம் அதுதான் என்று பிறகே அறிந்தேன். கடைசியில் விண்டோஸையே மறுபடி நிறுவ வேண்டியதாயிற்று.

வேண்டாத மென்பொருளையும் அதன் கோப்புறையை அழிப்பதால் நீக்க முடியாது. பதிவுகளும் பின்னணிச் சேவைகளும் அப்படியே தங்கிவிடும். செட்டிங்ஸில் ஆப்ஸ் பகுதிக்குச் சென்று அன்இன்ஸ்டால் செய்வதே முறை. விண்டோஸும் மென்பொருள்களும் தம் அமைப்புகளைக் குறித்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியைத் துப்புரவு செய்வதாகச் சொல்லும் மென்பொருள்கள் இட நெருக்கடிக்கு உதவா. ரெஜிஸ்ட்ரி பிடிக்கும் இடமே மிகச் சிறியது.

உங்களிடம் 200 ஜிபி காலியாக இருப்பதால் நிலையான தீர்வும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ், வீடியோஸ் ஆகிய கோப்புறைகள் ஒவ்வொன்றின் ப்ராப்பர்ட்டீஸிலும் லொகேஷன் என்ற தாவல் உள்ளது. அதில் டி டிரைவில் ஓர் இடத்தைக் காட்டினால் கோப்புகள் அங்கே நகரும், இனிச் சேமிப்பவையும் அங்கேயே சேரும். முக்கியமானவற்றுக்கு வேறொரு சாதனத்தில் நகல் எடுத்துவிட்டு இதைச் செய்யுங்கள்.

பிறகு கணினியை ஒருமுறை மறுதொடக்கம் செய்து நிறுவிப் பாருங்கள். அப்போதும் அதே பிழை வந்தால், டெம்ப் கோப்புறை எங்கே என்பதைக் குறிக்கும் அமைப்பான என்விரான்மென்ட் வேரியபிள்ஸைத் திறந்து, உங்கள் பயனர் கணக்குக்குரிய பட்டியலில் டெம்ப், டிஎம்பி என்ற இரண்டின் மதிப்பையும் குறித்துவைத்துக்கொண்டு, அவற்றை டி டிரைவில் உள்ள ஒரு வெற்றுக் கோப்புறைக்கு மாற்றுங்கள். நிறுவி விரியும் இடம் அங்கே மாறிவிடும். வேலை முடிந்ததும் பழைய மதிப்புகளைத் திரும்ப இடலாம்.